உலோக அணுவின் வெளிக்கூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் கேட்டவை இவை. மோட்டார் பட்டறைக்காரர்கள் கேட்டவையும் இதில் உண்டு. கூர்மையான கேள்விகள் பெரும்பாலும் அவர்களுடையவை. அணுவின் கூடுகளில் எலக்ட்ரான்கள் 2, 8, 8 என்று அமர்வதைப் பள்ளியில் ஒப்பிக்க வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். வெளியில் எத்தனை எலக்ட்ரான் என்பதைப் போலவே, அதை அணு எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதும் உலோகத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. கீழேயுள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

அணுவுக்குள் கூடு என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா?

ஓடு மாதிரியான பொருள் எதுவும் கிடையாது. கூடு என்பது ஓர் ஆற்றல் மட்டம். உட்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் நினைத்த ஆற்றலில் எல்லாம் இருக்க முடியாது. குறிப்பிட்ட சில மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும் என்று 1913-இல் நீல்ஸ் போர் சொன்னார். அவர் வரைந்த வட்டப்பாதைகள் பின்னாளில் கைவிடப்பட்டன. எலக்ட்ரான் எங்கே இருக்கும் என்பதற்கு நிகழ்தகவுதான் சொல்ல முடியும் என்றாகிவிட்டது. ஆனால் மட்டங்கள் அப்படியே நிலைத்தன. பாடப்புத்தகத்து வட்டங்களைக் கணக்குப் போட வைத்துக்கொள்ளுங்கள், அணுவின் புகைப்படம் என்று நம்பிவிடாதீர்கள்.

கூடுகளின் பெயர் ஏன் 'ஏ'-யில் தொடங்காமல் 'கே'-யில் தொடங்குகிறது?

எக்ஸ் கதிர்களை ஆராய்ந்த சார்லஸ் பார்க்லா, தாம் கண்டவற்றுக்கு முன்னாலும் சில வரிசைகள் இருக்கக்கூடும் என்று எழுத்துகளை மிச்சம் வைத்தார். முன்னால் எதுவும் இல்லை. பெயர் தங்கிவிட்டது.

ஒவ்வொரு கூட்டிலும் எத்தனை எலக்ட்ரான் கொள்ளும்? பொட்டாசியத்தை ஏன் 2, 8, 9 என்று எழுதக்கூடாது?

கூட்டின் எண்ணை வர்க்கம் செய்து இரண்டால் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கே கூட்டில் 2, எல் கூட்டில் 8, எம் கூட்டில் 18, என் கூட்டில் 32. இது உச்ச அளவு மட்டுமே. நிரம்பும் வரிசை வேறு.

பொட்டாசியத்தின் அணு எண் 19. முதல் 18 எலக்ட்ரான்கள் 2, 8, 8 என்று அமர்ந்துவிடுகின்றன. மூன்றாம் கூட்டில் இன்னும் பத்து இடம் காலியாக இருக்கும்போது, பத்தொன்பதாவது எலக்ட்ரான் நான்காம் கூட்டுக்குப் போகிறது. காரணம், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எஸ், பி, டி, எஃப் என்று துணைக்கூடுகள் உண்டு. பொட்டாசியத்தில் 4எஸ் (நான்காம் கூட்டின் எஸ்) துணைக்கூட்டின் ஆற்றல் 3டி-யைவிட (மூன்றாம் கூட்டின் டி) குறைவு. அதனால் பொட்டாசியம் 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. அடுத்து வரும் ஸ்காண்டியத்தில்தான் 3டி நிரம்பத் தொடங்குகிறது. "வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் கிடையாது" என்று நோட்ஸில் ஒரு வரியில் முடித்துவிடும் விதிக்குப் பின்னால் இருக்கும் சங்கதி இதுதான்.

இணைதிறன் எலக்ட்ரான் என்றால் வெளிக்கூட்டில் இருப்பது என்கிறார்கள். அதை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

நல்ல கேள்வி, வகுப்பில் யாரும் கேட்பதில்லை. ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளக்கலாம். அதற்கு அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர். அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம், அணு எண் 13, அமைப்பு 2, 8, 3. வாயு நிலையில் ஒரு மோல் அலுமினிய அணுக்களிலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்கச் சுமார் 578 கிலோஜூல் வேண்டும். இரண்டாவதற்கு 1,817. மூன்றாவதற்கு 2,745. நான்காவதற்கு 11,577.

மூன்றாவதிலிருந்து நான்காவதற்குப் போகும்போது நான்கு மடங்குக்கு மேல் எகிறுவதைப் பாருங்கள். முதல் மூன்றும் வெளியே இருந்தவை. நான்காவதற்கு உட்கூட்டை உடைக்க வேண்டியிருக்கிறது. சோடியத்தில் இந்தப் பாய்ச்சல் முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையிலேயே வந்துவிடும்: 496, அடுத்தது 4,562. மெக்னீசியத்தில் இரண்டு தாண்டி வரும்: 738, 1,451, பிறகு 7,733. கூடு என்ற கருத்தை நம்பாதவரிடம் இந்த எண்களை மட்டும் காட்டுங்கள், போதும்.

வெளிக்கூட்டில் 1, 2, 3 எலக்ட்ரான் இருந்தால் உலோகம் என்று எழுதலாமா?

பரிட்சைக்கு ஓடும். ஆனால் ஹைட்ரஜனுக்கு 1, ஹீலியத்துக்கு 2, போரானுக்கு 3, மூன்றும் உலோகமில்லை. மறுபக்கம் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் 4, இரண்டும் உலோகம். அதே நான்கை வைத்திருக்கும் கார்பன் அலோகம். ஒரே தொகுதியில் மேலிருந்து கீழே இறங்கினால் எண்ணிக்கை மாறுவதில்லை, தூரம் மாறுகிறது. வெளிக்கூடு உட்கருவிலிருந்து தள்ளிப் போகிறது, நடுவில் உள்ள எலக்ட்ரான்கள் உட்கருவின் ஈர்ப்பை மறைக்கின்றன, பிடி தளர்கிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதன் உச்சத்தைச் சோடியத்தையும் தங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சோடியம் 2, 8, 1. தங்கம் 2, 8, 18, 32, 18, 1. இரண்டுக்கும் வெளியில் ஒன்றே ஒன்று. ஒன்றைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். இன்னொன்றைப் பாட்டி காலத்துச் சங்கிலியாக இன்றும் லாக்கரில் வைத்திருக்கிறோம். தங்கத்தின் அந்த ஒற்றை எலக்ட்ரானை எடுக்க 890 கிலோஜூல் வேண்டும், சோடியத்துக்கு 496 போதும். தங்கத்தின் உட்கருவில் 79 புரோட்டான்கள் இருப்பதால், உள்ளே உள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவால் 6எஸ் துணைக்கூடு உள்நோக்கிச் சுருங்குகிறது. இப்படி மட்டங்கள் நகர்ந்ததால் தங்கம் நீல ஒளியை விழுங்கிக்கொள்கிறது. மஞ்சள் நிறமும் அங்கிருந்துதான் வருகிறது.

அலுமினியத்துக்கு மூன்று இணைதிறன் எலக்ட்ரான், செம்புக்கு ஒன்று. பிறகு ஏன் மோட்டார் காயிலைச் செம்பில் கட்டுகிறோம்?

கோவை கணபதி பக்கம் காயில் கட்டும் ஒருவர் தன் மகனின் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டது. புத்தகத்தை எழுதியவர்களே முன்கூட்டிப் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி.

முதலில் உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்போது வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இருப்பதில்லை. முழுத் துண்டுக்கும் பொதுவாகிவிடுகின்றன. பால் டிரூட் 1900-இல் இவற்றை ஒரு வாயு போலக் கருதிக் கணக்குப் போட்டார்; பின்னர் சோமர்ஃபெல்டு அதைக் குவாண்டம் முறையில் திருத்தினார். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அணு நிறை 63.5. வகுத்து அவகாட்ரோ எண்ணால் (ஒரு மோலில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, 6.02 × 10²³) பெருக்கினால் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 8.5 × 10²² அணுக்கள். ஆளுக்கொன்று வீதம் அவ்வளவு கட்டற்ற எலக்ட்ரான்கள். அலுமினியத்தில் அணுக்கள் சுமார் 6 × 10²², ஆளுக்கு மூன்று வீதம் 18 × 10²². செம்பைவிட இரட்டிப்புக்கும் மேல்.

அப்படியும் அலுமினியத்தின் மின்தடை எண் செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு அதிகம். எலக்ட்ரான் எத்தனை என்பதோடு, ஒவ்வொன்றும் சிதறாமல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வு எலக்ட்ரானைத் திசைதிருப்புகிறது. அறை வெப்பநிலையில் செம்புக்குள் ஓர் எலக்ட்ரான் சராசரியாகச் சுமார் 40 நானோமீட்டர் தடங்கலின்றி ஓடும். அதாவது நூறு அணுக்களுக்கு மேல் தாண்டும். அலுமினியத்தில் அதில் பாதிதான். அந்த மூன்று எலக்ட்ரான்களும் ஆற்றல் பட்டைகளில் (பல அணுக்களின் மட்டங்கள் சேர்ந்து விரிந்தவை) சிக்கலாகப் பரவிக் கிடப்பதால், மூன்றும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை.

பட்டறைக் கணக்கு இதற்கு மேல் தொடங்குகிறது. மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரில் காடியின் இடம் அளவானது. அதே இடத்துக்குள் தடை குறைந்த கம்பியைத்தான் திணிக்க வேண்டும், அதனால் செம்பு. மின்வாரியத்தின் மேல்நிலைக் கம்பிக்கு இடப் பஞ்சம் இல்லை, எடைதான் பிரச்சினை. அலுமினியத்தின் அடர்த்தி 2.70. அதே தடைக்குத் தடிமனைக் கூட்டினாலும் எடை செம்பில் பாதிக்குக் கீழே நிற்கிறது. எனவே அங்கே அலுமினியம். கோவை மோட்டார் பலவற்றின் சுழலும் பகுதியான ரோட்டாரும் அலுமினிய வார்ப்புதான். 660 டிகிரியில் உருகுவதால் காடிகளுக்குள் அழுத்தி வார்ப்பது எளிது. செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும்.

விலை மலிவாகக் கிடைக்கும் மோட்டாரில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கிறதா என்று சந்தேகமா? மேலே பூசிய எனாமலின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது செம்பு நிறத்திலேயே வரும். கம்பி நுனியை வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். வெள்ளையாக மின்னினால் விடை கிடைத்துவிட்டது.

மோட்டார் சூடானால் அந்த எலக்ட்ரான்கள் குறைந்துவிடுமா?

குறையாது. எண்ணிக்கை அப்படியே இருக்கும், அணுக்களின் அதிர்வு கூடும், தடங்கல் கூடும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். காயில் 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை ஏறக்குறைய 30 சதவீதம் உயர்ந்துவிடும். தடை கூடினால் இன்னும் சூடு. கோடையில் மின்னழுத்தம் குறைவாக வரும் நேரத்தில் போர்வெல் மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டினால் காயில் எரிவதில் இதற்கும் பங்கு உண்டு.

சுவிட்சைப் போட்டவுடன் கிணற்றடியில் மோட்டார் ஓடுகிறதே, எலக்ட்ரான் அவ்வளவு வேகமா?

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் நேர்மின்சாரம் ஓடினால், எலக்ட்ரான் கூட்டம் நகரும் சராசரி வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் கால் மீட்டர். தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் ஏற்கெனவே நிறைந்திருந்தால், வால்வைத் திறந்ததும் கடைசித் தென்னை மரத்தடியில் நீர் சொட்டும். வால்வடியில் இருந்த நீர் அங்கே போய்ச் சேர வேண்டியதில்லை. கம்பியிலும் அப்படித்தான், மின்புலம்தான் விரைகிறது. வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம் என்பதால் எலக்ட்ரான்கள் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகின்றனவே தவிர, எங்கும் போவதில்லை.

செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் முறுக்கி இணைக்கலாமா?

கூடாது. அலுமினியம் தன் எலக்ட்ரான்களைச் செம்பைவிட எளிதில் விட்டுவிடும். இடையில் ஈரம் புகுந்தால் அந்த இணைப்பே ஒரு சிறு மின்கலமாகி அலுமினியம் அரிக்கப்படும். போதாக்குறைக்கு அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்கடத்தாதது. இணைப்பு சூடாகி உருகும். பைமெட்டல் லக் (ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியமாக உள்ள இணைப்பி) வாங்கிப் போடுங்கள், விலை அதிகமில்லை.

மேட்டூரில் அலுமினிய ஆலை வந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைத்தது, மேட்டூரில் மின்சாரம் கிடைத்தது. பாக்சைட்டில் அலுமினியம் மூன்று எலக்ட்ரான்களையும் ஆக்சிஜனிடம் பறிகொடுத்த நிலையில் இருக்கிறது. உலோகமாக்க வேண்டுமென்றால் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று எலக்ட்ரானைத் திருப்பித் தர வேண்டும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு மட்டும் சுமார் 2,980 ஆம்பியர்-மணி மின்னூட்டம் தேவை. மின்கலத்தில் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒரு கிலோவுக்குப் பதின்மூன்று யூனிட்டுக்குக் குறையாமல் செலவாகும். மின்சாரம் விலை ஏறினால் அலுமினிய உருக்காலை தாக்குப்பிடிக்காது என்பதை இந்த மூன்று என்ற எண்ணிலிருந்தே கணித்துவிடலாம். மேட்டூரிலும் இப்போது உருக்குவதில்லை.

இரும்புக்கு மட்டும் ஏன் இணைதிறன் 2 என்றும் 3 என்றும் இரண்டு சொல்கிறார்கள்?

இரும்புக்கு மட்டுமல்ல, இடைநிலை உலோகங்கள் பெரும்பாலானவற்றுக்கும் அப்படித்தான். இரும்பு 2, 8, 14, 2. வெளியில் உள்ள இரண்டும் முதலில் போகும். அதற்கு உள்ளே இருக்கும் 3டி எலக்ட்ரான்களின் ஆற்றல் அதிகம் விலகியில்லை என்பதால், அதிலிருந்து இன்னொன்றும் போகலாம். மூன்று போனபின் 3டி-யில் ஐந்து மிஞ்சும், பாதி நிரம்பிய அமைப்பு, நிலையானது. ஆக, இங்கே வெளிக்கூட்டை மட்டும் எண்ணி இணைதிறன் சொல்ல முடியாது.

சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத்தாது மேக்னடைட். அதில் மூன்று இரும்பு அணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன். மூன்று இரும்பில் ஒன்று இரண்டு எலக்ட்ரானை இழந்தது, மற்ற இரண்டும் மூன்று மூன்றை இழந்தவை. ஒரே கல்லுக்குள் இரண்டு வகையும் இருக்கின்றன. நொய்யல் கரைக் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது கிடைத்த பழங்கால இரும்பு உலைகளில், தாதுவின் இரும்புக்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்த வேலையைச் செய்தது மரக்கரி.

இதே மாற்றத்தை வீட்டிலும் பார்க்கலாம். சில போர்வெல்களில் நீர் மேலே வரும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், வாளியில் சற்று நேரம் வைத்தால் செம்பழுப்பாக வண்டல் இறங்கும். நிலத்தடியில் காற்று இல்லாததால் இரும்பு இரண்டு எலக்ட்ரானை இழந்த, கரையும் நிலையில் இருந்தது. மேலே வந்து ஆக்சிஜனைக் கண்டதும் மூன்றாவதையும் இழந்து, கரையாத பொருளாகிப் படிகிறது.

பல்லடம், அவிநாசிப் பக்கத்து உப்புத் தண்ணீருக்கும் சாயப்பட்டறைத் தண்ணீருக்கும் என்ன வேறுபாடு?

கடின நீருக்குக் காரணம் கால்சியம், மெக்னீசியம். இரண்டு எலக்ட்ரானை இழந்தவை. இரட்டை மின்னூட்டம் இருப்பதால் கார்பனேட்டோடு சேர்ந்து எளிதில் கெட்டியான படிவாகும். ஹீட்டர் கம்பியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கு அதுதான். கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரில் ஒரு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை வெளியே விடுவார்கள். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கே வெளிக்கூட்டு எண்ணிக்கைதான்.

சாயப்பட்டறையின் விவகாரம் வேறு. நீரில் பருத்தியின் மேற்பரப்பும் சாயமும் இரண்டுமே எதிர்மின்னூட்டம் (நெகட்டிவ்) கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அதைத் தணிக்கச் சோடியம் உப்புகளைக் கிலோக் கணக்கில் கொட்டுகிறார்கள். சோடியம் ஒரே ஓர் எலக்ட்ரானை இழந்தது. அதன் உப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே கரையும். கால்சியத்தைச் சோடா போட்டு வண்டலாக இறக்கிவிடலாம், சோடியத்தை எதைப் போட்டும் இறக்க முடியாது. அதனால்தான் 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) செய்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்கும் செலவு மிகுந்த வழியைப் பிடிக்க வேண்டியிருந்தது. நிறத்தை நீக்குவது எளிது, நொய்யலைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்தச் சோடியத்துக்கு உண்டு.

எவர்சில்வர் துருப்பிடிக்காது, சேலத்து வெள்ளிக் கொலுசு மட்டும் ஏன் கறுக்கிறது?

எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது மூன்று எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் விட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாகி உள்ளே உள்ள இரும்பைக் காக்கிறது. வெள்ளியோ ஆக்சிஜனை அவ்வளவாக மதிப்பதில்லை, கந்தகம் என்றால் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். வியர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் போதும். அந்தக் கறுப்புதான் வெள்ளி சல்ஃபைடு.

செம்பை 2, 8, 17, 2 என்று எழுதினால் மதிப்பெண் உண்டா?

இல்லை. 2, 8, 18, 1 என்றே எழுத வேண்டும். 3டி பத்தும் நிரம்பினால் அணுவின் மொத்த ஆற்றல் குறைகிறது, அதற்காக 4எஸ்-இல் ஒன்று குறைந்துவிடுகிறது. குரோமியமும் இப்படித்தான், 2, 8, 13, 1.

உடனே அடுத்த கேள்வி வரும்: அவ்வளவு நிலையான அமைப்பு என்றால், செம்பு ஏன் பெரும்பாலும் இரண்டு எலக்ட்ரானை இழக்கிறது? இரண்டாவதை எடுக்க 1,958 கிலோஜூல் செலவாகும், மெய்தான். ஆனால் இரட்டை மின்னூட்டம் கொண்ட சிறிய அயனியை நீர் மூலக்கூறுகள் சூழும்போது அதைவிடக் கூடுதலாக ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது. நீரில் செம்பு இரட்டையாக இருப்பதே லாபம்.

அந்த உடைந்த டி துணைக்கூட்டைப் பொள்ளாச்சி, உடுமலை உரக்கடைகளிலேயே பார்க்கலாம். தென்னையின் குருத்தழுகல் நோய்க்குப் போர்டோ கலவை என்ற மருந்து தயாரிக்க வாங்கும் மயில்துத்தம் செம்பு சல்ஃபேட். 3டி-யில் ஒன்பது, ஓர் இடம் காலி, அதனால் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி நீலமாகத் தெரிகிறது. பக்கத்து மூட்டையில் இருக்கும் ஜிங்க் சல்ஃபேட்டில் டி பத்தும் நிரம்பியிருக்கிறது, வெள்ளை. மயில்துத்தத்தைச் சூடாக்கி நீரை முழுக்க விரட்டினால் அதுவும் வெளுத்துவிடும், ஏனென்றால் சுற்றியிருந்த நீர்தான் அந்த டி மட்டங்களை நீலம் தெரியும் அளவுக்குப் பிரித்து வைத்திருந்தது. ஒரு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும். செய்து பார்க்கிறவர்கள் சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், அது நஞ்சு.